சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கொடிகள்

நல்லது எது, கழிவு எது என்று பிரிப்பதுதான் என் வேலை. ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில், செல்போனுக்குள்ளே போகும் பொடிப்பொடி சாமான்கள் செய்கிற ஒரு கம்பெனியில் எட்டு வருடமாக லைனில் நிற்கிறேன். பெல்ட்டில் வருவதை இடுக்கியால் எடுத்துப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் ஓகே. இல்லாவிட்டால் என்.ஜி., அதாவது நாட் குட். அதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். யோசித்துக்கொண்டு நிற்க நேரம் கிடையாது. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் மனசுக்குள் ஓகே, என்.ஜி. என்றுதான் எனக்கு ஓடும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லியே கிண்டல் பண்ணுவார். "என்ன கட்டிக்கும்போது மட்டும் ஸ்டிக்கர் தீந்துபோச்சா உனுக்கு?" என்பார்.

எங்கள் ஊர் வரதய்யபாளையத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில்தான் கூலி வேலை செய்தது. மாமனார் காலத்தில் கவர்மெண்ட் ஒரு துண்டு நிலத்துக்குப் பட்டா கொடுத்தது. பாதிக்கு மேல் கல். அதில் யாரும் உருப்படியாக எதுவும் விளைவித்ததில்லை. இவர் வருடா வருடம் மாம்பழ சீசனுக்குச் சித்தூரில் கூழ் பேக்டரிக்குப் போவார், மற்ற மாதங்களில் லோடு ஆட்டோ ஓட்டுவார். போன வருடம் திருப்பதியில் ஒரு ஏஜென்ட் குவைத்தில் டிரைவர் வேலை இருப்பதாகச் சொன்னதிலிருந்து இவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். எனக்கோ அவர் போவதில் துளியும் சம்மதம் இல்லை. கல்யாணமாகி ஏழு வருடத்தில் சீசனுக்குச் சீசன் பிரிந்து இருந்தது போதாதா?

சண்டை போட்டுச் சண்டை போட்டு, கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். "இந்த மழைக்கு நம்ம நெலத்துல கொடி போட்டுப் பாக்கறேன். காய்ச்சா இங்கியே கீறேன். காய்க்கலன்னா நீ வாயே தொறக்கக் கூடாது. நான் பிளைட் ஏறிடுவேன்" என்றார். சரி என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பயிர் அவரைவிட எனக்குத்தான் முக்கியமாகிவிட்டது.

கொடி என்றால் ஆகாகரக் கொடி. தமிழ்நாட்டுப் பக்கம் பழுபாகல் என்கிறார்கள். பாகல் ஜாதிதான், கசக்காது. காய் எலுமிச்சை அளவில் இருக்கும், மேலெல்லாம் மெத்தென்ற முள். மழைக்காலத்தில் மட்டும் வரும், சந்தையில் வைத்த உடனே போய்விடும். இவரோடு கூழ் பேக்டரியில் வேலை செய்யும் ஒருவர் சித்தூர்ப் பக்கம் இதைப் பயிர் செய்கிறார். அவரிடமிருந்து ஒரு மூட்டைக் கிழங்கு வாங்கி வந்து, முதல் மழைக்கு நட்டு, கல்தூண் நிறுத்திக் கம்பிப் பந்தலும் போட்டார். காட்டுப்பன்றி வராமலிருக்கப் பந்தலைச் சுற்றி சின்ன பல்புகளும் கட்டினார். சீசன் பாதியில் இருந்ததால் மறுபடி சித்தூருக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஏறும்போது, "களை எடு, தண்ணி வுடு. வேற எதையும் தொடாத" என்றார். முதல் இரண்டும்தான் என் காதில் விழுந்தது.

நான் ஏ ஷிப்டு. மத்தியானம் முடிந்துவிடும். கம்பெனி பஸ்ஸில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு நேரே பந்தலுக்குப் போவேன். நிஜத்தைச் சொன்னால், செடிகொடி என்று நான் அதற்குமுன் எதையும் நின்று பார்த்ததே இல்லை. ஒருநாள் களை எடுக்கும்போது, காற்றில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பற்றுக்கம்பியில் என் விரல் பட்டது. நூல்தான் அது, பச்சை நூல். அதன் பக்கத்தில் ஒரு குச்சியைச் சாய்த்துவிட்டு அடுத்த வரிசையைக் களையெடுத்து முடித்துத் திரும்பினால், அது குச்சியை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. மறுநாள் சுற்றுகள் இறுகி, நடுவில் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, கொடியையே மேலே இழுத்து வைத்திருந்தது. கண் இல்லை, கை இல்லை, எப்படித் தெரிந்தது அதற்கு? களைக்கொத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துச் சில கொடிகள் மற்றவற்றுக்கு முந்திப் பூத்தன. மஞ்சள் பூ. சந்தோஷத்தில் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஆனால் பூ பொழுது சாயும்போது விரியும், காலையில் வதங்கிக் கீழே கிடக்கும். காய் மட்டும் இல்லை. தினமும் பூ, தினமும் உதிர்வு. இதற்குள் மற்ற கொடிகளும் மொட்டு விட்டன. அவற்றின் மொட்டுக்குக் கீழே மிளகு அளவில் முள்ளோடு ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது. பூக்குமுன்பே பிஞ்சு! எனக்கு விஷயம் விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பிஞ்சு உள்ளது ஓகே. பிஞ்சு இல்லாமல் தண்ணியையும் எருவையும் தின்றுவிட்டு வெறும் பூ காட்டுவது என்.ஜி.

என் பையில் கம்பெனியில் வேண்டாமென்று போட்ட சிவப்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்று கிடந்தது. வார லீவு அன்று பந்தல் முழுக்க நடந்து, வெறும் பூக் கொடி ஒவ்வொன்றின் தண்டிலும் ஒட்டினேன். மொத்தம் இருபத்திரண்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை, என் கண் அப்படி. கடப்பாரையால் கிழங்கோடு நெம்பி எடுத்து, மழைத்தண்ணி ஓடிக்கொண்டிருந்த ஓடையில் வீசினேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆடி கடைசியில் சீசன் முடிந்து அவர் வந்தார். நான் பிடுங்கிய இடத்தையெல்லாம் பக்கத்துக் கொடிகள் படர்ந்து மூடியிருந்தன. பந்தல் முழுக்கப் பூ, ஒவ்வொரு பூவுக்கும் கீழே பிஞ்சு. மனுஷன் என்னை அப்படியே தூக்கிவிட்டார், நடுவயலில். இரண்டு நாளில் பிஞ்சுகள் மஞ்சளாயின. மூன்றாம் நாள் தொட்டால் விழுந்தன. புதுப் பூ பூத்தது, புதுப் பிஞ்சு மஞ்சளானது. எரு வைத்தார், மோர் கரைத்துத் தெளித்தார், யார் என்ன சொன்னாலும் செய்தார். ஒன்றும் நிற்கவில்லை. ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே, "எங்க நைனா கை அடுத்தவன் நெலத்துலதான் வெளைஞ்சுது. எனுக்கும் அதே கைதான் போல" என்றார். அன்று சாயந்திரம் பாஸ்போர்ட் பெட்டியிலிருந்து வெளியே வந்து டிவி மேல் உட்கார்ந்தது.

மறுநாள் கேண்டீனில் என் பக்கத்து லைன் பெண்ணிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். சூளூர்பேட்டைப் பக்கத்துப் பெண், தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவாள். கேட்டுவிட்டு, "மக புவ்வு உந்தா அக்கா?" என்றாள். ஆண் பூ இருக்கிறதா என்று கேட்கிறாள். எனக்குப் புரியவில்லை. "ஆகாகரல ஆம்பள கொடி வேற, பொம்பள கொடி வேற அக்கா. எங்க தோட்டத்துல பத்துக்கு ஒண்ணுன்னு ஆம்பள கொடி வுடுவாங்க. அது காய்க்காது. ஆனா அது இல்லன்னா ஒண்ணுமே காய்க்காது. சும்மா பூ மட்டும் வுடுமே, பிஞ்சு இல்லாம, அதான். உங்க பந்தல்ல எத்தினி கீது?"

நான் செய்ததைச் சொன்னேன். மேஜையே சிரித்தது. "மொத்த ஆம்பளையையும் தொரத்திட்டு, புள்ள பொறக்கலன்னு அழுவுறியா அக்கா?" என்றாள் எதிரில் இருந்தவள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்று பொழுது சாயும்வரை பந்தலிலேயே இருந்தேன். மொட்டுகள் பார்க்கப் பார்க்க விரிந்தன. இதழ் மெல்ல நடுங்கும், ஒன்று பிரியும், அடுத்தது பிரியும். லேசான ஒரு வாசம் கிளம்பியது. சற்று நேரத்தில் மலைப் பக்கமிருந்து சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் வந்தன. பூ மேல் உட்காராமல் காற்றிலேயே நின்று, மீசை மாதிரி நீண்ட நாக்கைப் பூவுக்குள் விட்டு, எடுத்து, அடுத்த பூவுக்குப் போயின. பாதிப் பூச்சிகள் பந்தலுக்கு வராமல் எங்கள் பல்புகளைச் சுற்றிச் சுற்றி முட்டிக்கொண்டிருந்தன. மற்றவை வரிசை தப்பாமல் ஒவ்வொரு பூவாகப் போய்வந்தன. யாரும் கூப்பிடவில்லை, கூலி பேசவில்லை, இத்தனை நாளும் தினம் தவறாமல் வேலைக்கு வந்திருக்கின்றன. கொண்டுபோய்க் கொடுக்க மகரந்தம்தான் பந்தலில் இல்லை. அதை நான்தான் ஓடையில் விட்டுவிட்டேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று நாள் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி இருந்தேன். அவர் ஏஜென்டிடம் போனில் பேசுவதைக் கேட்டேன், வரப்பில் அந்தக் கையை விரித்து உட்காருவதைப் பார்த்தேன். நான்காம் நாள் சாப்பாடு போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கை தட்டிலேயே நின்றது. "எப்போ தெரிஞ்சிது உனுக்கு?"

"மூணு நாளாச்சு மாமா."

"இருவத்திரெண்டு கொடி போனா போவுது. தெரியாம பண்ணிட்ட. மூணு நாளா நான் என் கையையே திட்டிக்கினு கீறேன். பாத்துக்கினுதான இருந்த?"

அவர் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தார். காலையில் குவைத்துக்கான மெடிக்கல் டெஸ்டுக்குத் திருப்பதி பஸ் ஏறிவிட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று ஷிப்டு முடிந்ததும் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு, ஏரிக்கரை தாண்டி, ஆடு மேயும் குன்றுக்குப் போனேன். மழைக்காலத்தில் அங்கே புதர் மேலெல்லாம் இந்தக் கொடி தானாகவே படர்ந்திருக்கும். கள்ளியும் காரைமுள்ளும் கையைக் கிழித்தன. கொடி கொடியாகப் புரட்டிப் பார்த்தேன். காம்பு நீளமாக, மொட்டைச் சின்ன இலை ஒன்று தொப்பி மாதிரி மூடியிருக்க, கீழே பிஞ்சில்லாமல் இருப்பது ஆண். எந்தப் பூவைப் பார்த்து என்.ஜி. என்றேனோ, அதையே தேடிப் புதர் புதராகக் குனிந்து அலைந்தேன். ஈரத்துணி விரித்த பாக்ஸில் மூடிய மொட்டுகளாக அடுக்கி எடுத்து வந்தேன்.

பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தலைக்கு மேல் பெண் பூக்கள் விரிய ஆரம்பித்தன. பாக்ஸைத் திறந்தேன். உள்ளே எல்லா மொட்டுகளும் விரிந்திருந்தன. கொடியிலிருந்து கிள்ளியாகிவிட்டது. வேர் இல்லை, தண்டு இல்லை, மூடிய எவர்சில்வர் டப்பாவுக்குள் வெளிச்சம்கூட இல்லை. ஆனாலும் நேரம் தப்பவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் பிறந்ததும் இந்தப் பக்கம் பிறந்ததும் ஒரே நிமிஷத்தில் வாய் திறந்தன. யாருக்கென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டேன்.

அப்புறம் வேலையைப் பார்த்தேன். ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருந்த மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் இருந்த பசையான முனையில் மெல்லத் தொட்டேன். அழுத்தினால் போச்சு, படாவிட்டாலும் போச்சு. எட்டு வருடம் இடுக்கி பிடித்த கை நடுங்கவில்லை. தொட்ட பூவின் காம்பிலெல்லாம் பழைய புடவையிலிருந்து உருவிய சிவப்பு நூலைக் கட்டினேன். பூச்சிகள் பல்புக்குப் போகாமலிருக்க அதை அணைத்துவிட்டேன், பூ நேரம் முடிந்த பிறகுதான் போட்டேன். மிச்சமிருந்த ஆண் பூக்களைச் சின்னத் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணி ஊற்றிப் பந்தலிலேயே தொங்கவிட்டேன். பூச்சிகள் வந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் நாள் அவர் திருப்பதியிலிருந்து வந்தார். பேசவில்லை. நானும் என் பாட்டுக்குக் குன்றுக்குப் போனேன், வந்தேன். அந்த நாட்களில்தான் கண்ணில் படுகிற கொடியையெல்லாம் நின்று பார்க்கும் கிறுக்கு எனக்குப் பிடித்தது. எங்கள் வேலியில் பாகலும் பீர்க்கையும் சுரையும் எப்போதும் இருப்பவைதான். பாகல் விடியலில் பூத்துத் தேனீக்களைக் கூப்பிடுகிறது, அது ஏ ஷிப்டு. பீர்க்கை சாயந்திரம் வெயில் இறங்கும்போது திறக்கிறது, அதற்கு உறுமிக்கொண்டு வரும் கருவண்டு. பொழுது சாய்ந்ததும் சுரை வெள்ளையாக விரிகிறது. மூன்று ஷிப்டும் தவறாமல் ஓடுகிறது, சூப்பர்வைசர் இல்லாமலே. ஒரு வேலியை நம்பி இத்தனை வாய் பிழைக்கிறது, இத்தனை வாயை நம்பி அந்த வேலி காய்க்கிறது. இதை நான் இத்தனை வருடமும் குழம்பில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

நான்காம் நாள் பந்தலில் பாக்ஸைத் திறக்கும்போது பின்னால் அவர் நின்றிருந்தார். பாக்ஸைக் கையில் வாங்கிக்கொண்டார். எனக்கு எட்டாத கொடிகளை இழுத்துத் தாழ்த்திப் பிடித்தார். நான் ஒரு ஆண் பூவை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு அடுத்த பெண் பூவைத் தேடியபோது, ஒரு அந்துப்பூச்சி நேரே என் கைக்கு வந்தது. இறக்கைக் காற்று விரலில் பட்டது. என் கையிலிருந்த பூவுக்குள் நாக்கை விட்டுக் குடித்தது. முகத்தில் மஞ்சள் தூள் அப்பியிருந்தது.

"அசையாத" என்றார் அவர், மூச்சுக்குள்ளே. ஐந்து நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அது என் கையை விட்டு, அவர் தாழ்த்திப் பிடித்திருந்த கொடியின் பெண் பூவுக்குப் போனது. அங்கே நின்றது. பிறகு மேலே எங்கோ போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அவருக்கும் வந்ததா என்று பார்க்க வெளிச்சம் இல்லை.

நூல் கட்டிய பிஞ்சுகள் மஞ்சளாகவில்லை. பச்சையாகவே நின்று, தடித்து, முள் விரிந்து, காயாகின. தினமும் காலையில் அவர்தான் போய்ப் பார்ப்பார். ஒருநாள் அங்கிருந்தே கத்திக் கூப்பிட்டார். ஓடினேன். தூண் மேல் ஏறி, பந்தலின் நட்டநடுவில், யாருக்கும் கை எட்டாத இடத்தைக் காட்டினார். அங்கே ஏழெட்டுக் காய்.

"இதுல நூலு இல்லியே? எப்படித் தொட்ட?"

"நான் தொடல மாமா. அங்க என் கை எப்படிப் போவும்?"

இருவரும் குன்றுப் பக்கம் பார்த்தோம். பூச்சிகள் ஏரியைத் தாண்டி அங்கிருந்து மகரந்தம் சுமந்து வந்தனவா, நாங்கள் சிரட்டையில் வைத்த பூவிலிருந்து எடுத்தனவா, எனக்குத் தெரியாது. நான் ஒவ்வொன்றாகத் தொட்டு நூல் கட்டி மார்தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவை எங்கள் தலைக்கு மேலேயே சத்தமில்லாமல் வேலையை முடித்திருந்தன. என் தப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போன மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

ஆனாலும் நாள் கடந்துபோயிருந்தது. பந்தலில் பாதிக்கும் கீழேதான் காய்த்தது. உடன்படிக்கைப்படி அது காய்ப்பா, காய்ப்பில்லையா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. பாஸ்போர்ட் டிவி மேலேயே கிடந்தது. அதைத் தூசி தட்டும் சாக்கில்கூட நான் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய் பறித்துக்கொண்டிருக்கும்போது ஏஜென்ட் போன் பண்ணினார். கையில் காய்க்கூடை இருந்ததால் இவர் ஸ்பீக்கரில் போட்டார். மெடிக்கல் சரியாக இருக்கிறது, அடுத்த வாரம் விசா வந்துவிடும், எப்போது கிளம்புகிறாய் என்று தெலுங்கில் கேட்டார் ஏஜென்ட். நான் கொடிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பறிக்க வேண்டிய காய் கண்ணுக்குத் தெரியவில்லை.

இவர் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பிறகு பாதி தெலுங்கு, பாதி தமிழாகச் சொன்னார். "ராலேனு அண்ணா. வரமுடியாது. இங்க என் பொண்டாட்டி தோட்டத்துல ஒரு பெரிய தப்பு பண்ணி வச்சிகீறா. ஆம்பள கிழங்கா பாத்துப் பொறுக்கிக்கினு வந்து நடணும். அத சரி பண்ணவே அடுத்த மழை வரைக்கும் எனுக்கு வேலை கீது."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த காயைப் பறித்தார். இத்தனை வயதில் எத்தனையோ பேர் என்னைக் குறை சொல்லியிருக்கிறார்கள். ஒரு குறையைக் கேட்டு நான் அப்படி விம்மி விம்மி அழுதது அன்றுதான்.